மலை மேல் வடகம் காயப் போட்டவர்

மலை உச்சியில் வடகம் காயப் போட்ட ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். தர்மபுரியில் எங்கள் வீட்டின் கீழ்ப் பகுதியில் வாடகைக்கு இருந்தார். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. தெருவே அவரை லேப்காரம்மா என்றுதான் கூப்பிட்டது. நானும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை. அவர் வடகத்தைத் தூக்கிக்கொண்டு மலை ஏறியதற்குக் காரணம் நான்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

அந்த மலை ஏறும் கூட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், தொப்பூர் போகிற வழியில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஒரு பாறை மலையில் ஏறுவோம். ஏற ஒரு மணி நேரம். உச்சியில் ஒரே வழவழப்பான பாறை, ஒரு கல்யாணப் பந்தி போடும் அளவுக்கு. அங்கே நின்றால் கணவாயில் லாரிகள் முனகிக்கொண்டு இறங்குவது தெரியும். கூட்டத்துக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவரைக் கேப்டன் என்று கூப்பிட வேண்டும். டாக்டர் என்றால் முகம் சுருங்கிவிடும். கையில் மடக்குக் கம்பு, கழுத்தில் விசில், காதை மூடுகிற தொப்பி. உச்சிக்குப் போனதும் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது என்று விதி வைத்திருந்தார். இயற்கையோடு கலக்க வேண்டுமாம். முதல் நாள் எனக்கு மூச்சு திரும்பி வந்தாலே போதும் என்றிருந்தது.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணமும் லேப்காரம்மாதான். அதற்கு முந்தின வாரம் என் கையில் ரத்தம் எடுத்தார். அவர் ஒரே குத்துதான் குத்துவார். நரம்பு கிடைக்கவில்லை என்று இரண்டாவது தடவை குத்தியதாக ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. குத்துவதற்கு முன் நம்மைப் பேச வைப்பார். நான் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சண்டை முடிவதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிட்டார். மறுநாள் காகிதத்தைக் கொடுத்து, "சர்க்கரை ஏறிக் கெடக்குதுக்கா. நடங்க" என்றார். நடப்பது எப்படி, எவ்வளவு தூரம் என்று நான் இழுத்தேன். "பக்கத்து ரூம் பல் டாக்டர் மலைக்குக் கூட்டிட்டுப் போறாரு. கேளுங்க" என்று சொன்னவர், தானும் போவதாகச் சொல்லவில்லை.

அது சித்திரை மாதம். முதல் நாள் உச்சியில் எல்லோரும் கண்ணை மூடிக் கலந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் ஏதோ நறநறவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் லேப்காரம்மா, எங்களுக்கு முன்பே ஏறி வந்திருக்கிறார். பாறையில் வெள்ளை வேட்டியை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, தூக்குவாளியிலிருந்து கூழை எடுத்து முறுக்கு அச்சில் அடைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா" என்றார், தன் வீட்டுக்கு வந்தவளைக் கூப்பிடுவது போல. பத்து நிமிடம் முடியும் வரை நான் பதில் சொல்லவில்லை. விதியை மதித்தேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் அதற்குச் சரியாக மூன்று வாரம் முன்பு அவர் படியேறி வந்து என்னிடம் கேட்டிருந்தார். "அக்கா, மொட்டை மாடியில கொஞ்சம் வடகம் போட்டுக்கட்டுமா?"

"தளம் கசியுதுங்க. யாரையும் மேல வுடறதில்ல" என்றேன்.

"சரிங்கக்கா" என்று இறங்கிப் போய்விட்டார். அவ்வளவுதான். கெஞ்சுவார், ஒரு நாள்தானே என்பார் என்று எதிர்பார்த்து இன்னும் இரண்டு மூன்று காரணங்களைத் தயாராக வைத்திருந்தேன். சோலார் பைப் இருக்கிறது, கைப்பிடிச் சுவர் உயரம் போதாது என்றெல்லாம். அவற்றைச் சொல்ல ஆள் இல்லாமல் போனது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

தளம் கசியவில்லை. அது நல்ல தளம். எதிர் வீட்டு அம்மாள் ஒரு நாள் வாசலில் நின்று, "பாய் வூட்டு ஆளுங்களுக்கு மாடியத் தொறந்து வுட்றாதீங்க, கறியெல்லாம் உப்புப் போட்டுக் காயப் போட்ருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் கருவாடு தின்கிறவள். எங்கள் வீட்டில் கருவாடு வறுத்தால் எதிர் வீட்டு அம்மாள் ஜன்னலைச் சாத்துவார். ஆனாலும் அந்தப் பேச்சை நான் காதில் போட்டுக்கொண்டேன். கீழ்ப் பகுதி ஐந்து மாதம் ஆளில்லாமல் கிடந்த பிறகுதான் அவருக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, ஒரு முஸ்லிம் அம்மாவுக்கு வீடு கொடுத்த பெரிய மனசுக்காரி என்று எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டும் திரிந்தேன்.

அன்றைக்கு மலையில் வடகத்துக்குக் குரங்கு வந்தது. வராமல் இருக்குமா? பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, பின்னால் குடும்பமாக ஏழெட்டு. லேப்காரம்மா எழுந்திருக்கவில்லை. "டாக்டர், அந்தக் குச்சிய வெச்சுக்கிட்டுக் கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க" என்றார். கேப்டன் தன் வாழ்க்கையில் யாருக்கும் காவல் நின்றதில்லை. ஆனால் லேப்காரம்மா கேட்கிற விதம் அப்படி. ஒரு தடவைதான் கேட்பார், அதுவும் நீங்கள் செய்துவிடுவீர்கள் என்று நினைத்துக்கொண்டு கேட்பார். பதினோரு மணி வரை கேப்டன் மடக்குக் கம்பை ஆட்டிக்கொண்டு குரங்குகளுக்கு விசில் ஊதினார். அன்றோடு பத்து நிமிட மௌனம் போய்ச் சேர்ந்தது.

லேப்காரம்மா எப்படிக் கூட்டத்தில் சேர்ந்தார் என்று பிறகு கேப்டனிடம் விசாரித்தேன். "மேலே வெயில் நல்லா அடிக்குமா டாக்டர்னு கேட்டாங்க. அடிக்கும்னேன். அப்ப வரேன்னாங்க. உடம்புக்கு விட்டமின் கேக்கறாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

ஆடியில் அவர் முறத்தோடு வந்தார். அந்த மாதத்துக் காற்று உச்சியில் ஆளைத் தள்ளும். ஊரிலிருந்து வந்த கேழ்வரகை ஒரு பையில் கொண்டுவந்து, தலைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முறத்தைத் தோள் உயரத்துக்குத் தூக்கிச் சும்மா சரித்தார். தவிடும் தூசியும் ஒரு பக்கம் பறக்க, கேழ்வரகு மட்டும் வேட்டியில் விழுந்தது. காற்றடிக்கும் திசையில் கேப்டன் செல்போனை நீட்டி, "நண்பர்களே, இதோ உச்சி" என்று வீடியோ பேசிக்கொண்டிருந்தார். மொத்தத் தவிடும் அவர் வாய்க்குள் போய்விட்டது.

"வாயத் தொறந்துட்டு நிக்காதீங்க டாக்டர்" என்றார் லேப்காரம்மா. ஊரையே வாயைத் திற என்று சொல்லிப் பிழைக்கிறவர் கேப்டன். நாங்கள் சிரித்ததில் இரண்டு பேருக்கு மூச்சுப் பிடித்துக்கொண்டது.

சிரித்து முடித்து நானும் அவரும் பாறையில் உட்கார்ந்திருந்தோம். எப்படி எல்லாவற்றையும் ஒரே தடவையில் விட்டுவிடுகிறீர்கள், இன்னொரு தடவை கேட்டால்தான் என்ன என்று பேச்சுவாக்கில் கேட்டேன். மாடியை மனதில் வைத்துத்தான் கேட்டேன். அவரே அந்தப் பேச்சை எடுப்பார், நான் பெருந்தன்மையாகச் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு திட்டம்.

"உங்க வூட்டுக்கு முன்னாடி பதினோரு வூடு கேட்டேன்க்கா. பேரக் கேப்பாங்க. அப்பறம் யோசிச்சுச் சொல்றோம்பாங்க. மொதல்ல ரெண்டு வூட்டுக்கு மறுபடியும் போய் நின்னேன். சொந்தக்காரங்க வராங்கன்னுட்டாங்க. சொந்தக்காரங்க யாரும் வரல. அதுல இருந்து ஒரு தடவதான். இல்லன்னா அடுத்த தெரு." முறத்தைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கதான் யோசிக்காம சரின்னீங்க."

யோசிக்காமல் சரி என்றது ஐந்து மாதம் காலியாகக் கிடந்ததால். அதைச் சொல்லவில்லை. மாடியைப் பற்றியும் வாயே திறக்கவில்லை. மலை இறங்கும்போது காலைவிட வேறெங்கோ வலித்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததை எந்தப் புத்தியுள்ளவளும் செய்திருக்க மாட்டாள். நேராகப் போய், "தளம் கசியல, நான் சொன்னது பொய், வந்து வடகம் போட்டுக்குங்க" என்று சொல்லியிருக்கலாம். ஏழெட்டு வார்த்தை. அதற்குப் பதிலாக ஆவணியில் ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டு, தளத்தில் கசிவு இருக்கிறது, சரி செய்யுங்கள் என்றேன். கசிவைச் சரி செய்துவிட்டால், 'இப்போ கசியறதில்லைங்க, நீங்க மாடியைப் பயன்படுத்திக்கலாம்' என்று தலை நிமிர்ந்து சொல்லிவிடலாமே. பொய்யும் காப்பாற்றப்படும், சாவியும் போய்ச் சேரும்.

மேஸ்திரி தளத்தில் நாலு பக்கமும் நடந்து பார்த்தார். "எங்கம்மா கசியுது?"

"அங்கங்க."

"கசியாத தளத்துக்கு எதுக்கு மேஸ்திரி?" என்று என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கேட்டார். அவரை அடக்கி உட்கார வைத்தேன். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, கொடுத்த வேலையை விடக் கூடாது என்று ஒரு மூலையில் தளத்தில் பதித்திருந்த தட்டோடுகளைப் பெயர்த்து மறுபடி பூசினார். அதன் பிறகு மாடிக் கதவை வேண்டுமென்றே திறந்து போட்டு, சாவியை மாடிப்படி ஆணியில் தொங்கவிட்டேன். லேப்காரம்மா பார்க்காமலா போவார்? பார்த்தார். மாலையில் என் வாசலுக்கு வந்து, "மாடிக் கதவு தொறந்து கெடந்துச்சுக்கா, குரங்கு வந்துடும்னு பூட்டிட்டேன்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு மழை இருட்டிக்கொண்டு நின்றது. கேப்டன் இன்று வேண்டாம் என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டார். நானும் லேப்காரம்மாவும் மட்டும் போனோம். அன்றைக்குத்தான் அவர் கையில் எதுவும் இல்லை.

"ஒண்ணும் கொண்டு வரலைங்களா?"

"மழையில என்ன காயும்?"

உச்சியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க ஒரு இடுக்கு இருக்கிறது. நான் அதில் ஒண்டிக்கொண்டேன். அவர் பாறை நடுவில் போய், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி நின்றார். நெடுநேரம் அப்படியே நின்றார். அவர் மலைக்கு வருவது வெயிலுக்காக மட்டும்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நனைந்து வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் கட்டிலை அறைக்குள் அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டிருந்தார். மேஸ்திரி பூசிய அதே மூலை. தண்ணீர் தாரையாக ஊற்றியது. நான் போட்ட கூச்சலில் லேப்காரம்மா தன் வீட்டுப் பேசினைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஈரத் துணியைக்கூட அவர் மாற்றியிருக்கவில்லை. பேசினை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"நீங்க சொன்னது நெசந்தான்க்கா, கசியுது. நான்தான் அன்னிக்கு மனசுல வேற மாதிரி நெனச்சிட்டேன். மன்னிச்சுக்குங்க." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அப்பவே கசிஞ்சிட்டுத்தானுங்களே இருந்துச்சு?"

"ஆமாங்க. ரொம்ப நாளா" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றுகிறது. லேப்காரம்மா தலையை ஆட்டிவிட்டு, பேசின் நிறைந்தபோதெல்லாம் எடுத்துக் கொட்டிவிட்டு, மழை விட்ட பிறகுதான் கீழே போனார்.

மார்கழிப் பனியில் தலையணையெல்லாம் நமுத்துப்போகும். தை பிறந்ததும் அவர் தலையணைகளை மலைக்குக் கொண்டுபோக முடிவு செய்தார். தன்னுடையது மட்டுமில்லை, எல்லோருடையதும். ஆளுக்கு ஒன்று தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக ஏறினோம். வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "மேல லாட்ஜ் கட்டியிருக்காங்களா?" என்று கேட்டார். கேப்டன் விசில் ஊதி எங்களை மேலே நடத்தினார். உச்சியில் தலையணைகளைக் காய வைத்து, திருப்பி, பிறகு அவற்றின் மேலேயே தலை வைத்துப் படுத்துக்கொண்டோம். தை வெயில் இதமாக இருந்தது. கேப்டன் குறட்டை விட்டார். அப்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். தூக்கமாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் புளி. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கொட்டை எடுத்தோம். கூட்டத்தில் இயற்கையைப் பற்றி இப்போது யாரும் பேசுவதே இல்லை; இந்த வருடம் புளி எப்படி, யார் வீட்டு மிளகாய் காரம் என்பதுதான் பேச்சு.

மறுபடியும் சித்திரை வந்தது. அந்த வருடம் நோன்பு மாதமும் அதோடு சேர்ந்து வந்தது. லேப்காரம்மா தண்ணீர்கூட குடிக்காமல் தூக்குவாளியோடு ஏறினார். கேப்டன் பாதி வழியில் நிறுத்தி நாடி பார்த்தார். "பல்லப் பாருங்க டாக்டர், அது போதும்" என்று கையை உருவிக்கொண்டார். உச்சியில் வேட்டி விரித்துப் பிழிந்து முடித்ததும் ஒரு துளி கூழை என் உள்ளங்கையில் வைத்தார்.

"உப்புப் பாருங்கக்கா. நோன்பு புடிச்சப்பறம்தான் கிண்டினேன், வாயில வெக்க முடியல. உங்க நாக்கை நம்பித்தான் இருக்குது."

உப்பு சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறு வார்த்தை வந்துவிட்டது.

"நீங்க கேட்டப்ப தளம் கசியலைங்க."

அவர் வேட்டியின் மூலையில் கல்லை நகர்த்தி வைத்தார். "தெரியும்க்கா."

"எப்படி?"

"அந்த மேஸ்திரி கொழுப்பு டெஸ்டுக்கு வந்தாரு. குத்தறதுக்கு முன்னாடி பேச வெப்பேன்ல. கசியாத தளத்த ரிப்பேர் பண்ணச் சொல்ற வூட்டுக்காரம்மாவ இப்பத்தான் பாக்கறேன்னாரு."

"எப்ப வந்தாரு?"

"ஆவணியிலயே."

ஆவணி. எனக்கு மெதுவாகத்தான் ஏறியது. "அப்ப மழை அன்னிக்கு எல்லாம் தெரிஞ்சுட்டேதான் என்னைக் கேட்டீங்களா?"

"ஆமா. நான் யாரையும் ரெண்டாவது தடவ கேக்கறதில்ல. உங்களத்தான் கேட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் பேச முடியாது என்று, எதிர் வீட்டு அம்மாள் சொன்னதையும் கறி காயப் போடுவதைப் பற்றி நான் பயந்ததையும் ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எனக்கு உப்புக்கண்டம் போட வராதுக்கா. வந்திருந்தா கண்டிப்பா போட்டிருப்பேன்."

"சாவிய இன்னிக்கே தரேன். இனிமே எல்லாத்தையும் மாடியிலயே போடுங்க."

"வைகாசியில காலி பண்றேன்க்கா. லேப்ல ஓசூர்ல புதுசாத் தொறக்கறாங்க, நீதான் பாத்துக்கணும்னாங்க. தையிலயே கேட்டாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு இழுத்துட்டு இருந்தேன்." வேட்டி மேல் ஏறி வந்த ஒரு எறும்பைச் சுண்டிவிட்டார். "போன வாரந்தான் சரின்னேன்."

தை, மாசி, பங்குனி. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு நாள், புளிக்குப் பக்கத்தில் நாலு நாள், சொல்லாமலே அவரோடு உட்கார்ந்திருக்கிறேன். எதற்காக இழுத்தார் என்று நான் கேட்கவில்லை. போகாதீங்க என்றேன். முடியாதுக்கா என்றார். இறங்கும் வழியில் மறுபடியும் போகாதீங்க என்றேன். "ரெண்டாவது தடவ கேக்கறீங்க" என்றார். ஆமாம் என்றேன். "நல்லாத்தான் இருக்குதுக்கா, இப்படிக் கேட்டா" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து அந்த வழுக்குப் பாறையில் இறக்கிவிட்டார். வைகாசியில் போய்விட்டார். பேசின் மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

வருடங்கள் ஆகிவிட்டன. கீழே இப்போது இருக்கிறவர்கள் வடகத்தைப் பாக்கெட்டில் வாங்குகிறார்கள். சித்திரையில் நான்தான் தூக்குவாளியோடு மலை ஏறுகிறேன். கேப்டன் யாரும் சொல்லாமலே கம்போடு காவலுக்கு நிற்கிறார். நான் பிழிவது பாதி உடைந்துவிடுகிறது. மாதம் ஒரு தடவை ஓசூருக்குப் போன் போட்டு, ஒரு நடை வீட்டுக்கு வாங்க என்று கேட்கிறேன். "பாக்கலாம்க்கா" என்பார். அடுத்த மாதமும் கேட்கிறேன். எத்தனை தடவை கேட்டேன் என்று நான் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

தளத்தை வேறு மேஸ்திரி வைத்து ஒழுங்காகச் சரி செய்துவிட்டேன். மாடிக் கதவைப் பூட்டுவதில்லை. குரங்குதான் வந்து போகிறது.